ஏழாம் பாடத்தின் இரண்டு பிரதிகள்

சம்மாந்துறை
7.7.1986

பரீனா,

ஏழாம் பாடத்தை நீ கெடுத்துவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கெடுத்தாய். அதனால் சென்ற புதன்கிழமை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரில் பதினொரு பேர் கம்பியூட்டருக்கு முன்னால் தலைகுனிந்து நின்றார்கள். அவர்களில் ஒருத்தியை அவளுடைய வாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியும்விட்டார். ஸலாம் சொல்லி, சுகம் விசாரித்து, பிறகு விசயத்துக்கு வரும் பொறுமை எனக்கு இல்லை. ஸலாத்தை இந்த வரியிலேயே ஏற்றுக்கொள்.

இந்தப் பின்னக் கணக்குப் புரோகிராமைத் தொடங்கும்போது என்ன பேசினோம்? ஐந்தாம் பாடம் முதல் எட்டாம் பாடம் வரை கணக்கு உன்னுடையது. மற்றப் பாடங்களும், எல்லாப் பாடத்துக்குமான தமிழ் எழுத்து வடிவமும் என்னுடையவை. யார் எதை மாற்றினாலும் மற்றவருக்குக் கடிதம் எழுத வேண்டும். நீ எழுதினாயா?

ஏழாம் பாடம் கூட்டல். எட்டில் ஒன்றும் எட்டில் ஒன்றும் எவ்வளவு என்று மெசின் கேட்கிறது. றாஹிலா என்ற பிள்ளை 2/8 என்று அடித்தாள். பிழை என்றது மெசின். அதற்கு 1/4 என்று சுருக்கிக் கொடுத்தால்தான் சரியாம். பன்னிரண்டு கணக்கில் சுருக்கத் தேவையில்லாத இரண்டுக்கு மட்டும் அவளுக்குப் புள்ளி கிடைத்தது. கணக்கு மாஸ்டர் புண்ணியமூர்த்தி, பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருகிறவர், "இந்தப் பிள்ளை வகுப்பில இப்பிடிப் பிழை விடுற பிள்ளை இல்லையே ஐயா" என்றார். எல்லாருக்கும் கேட்க நான் சொன்னேன்: "மெசின் பிழை விடாது மாஸ்டர். மனிசன்தான் பிழை விடுவான்." மறுநாள் பள்ளிக்கூட அதிபர் புள்ளிப் பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாஸ்டர் அந்தப் பதில்களைக் கையால் செய்து பார்த்து, 2/8 உம் 1/4 உம் ஒன்றுதானே என்று என் முகத்தைப் பார்த்தார். அந்த வெட்கத்தை எனக்குத் தந்தவள் நீ, என் தங்கச்சி. குவைத்தில் ஏழு வருடம் கம்பியூட்டர் அறையில் தரை துடைத்து, தேநீர் ஊற்றி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நானாகப் படித்த வேலை இது. நீ கொழும்பில் பள்ளிக்கூடச் செலவில் ஆறு நாள் வகுப்புக்குப் போய்ப் படித்தாய். ஆறு நாளில் என்ன வரும் என்று இப்போது தெரிகிறது.

அபுல் ஹஸன்


கொழும்பு
12.7.1986

அன்புள்ள காக்கா,

வஅலைக்கும் ஸலாம், ஒரு வரியில் வந்ததற்கு ஒரு வரியில்.

ஓம், ஏழாம் பாடத்தை மாற்றினேன். ஜூன் 12ஆம் திகதி மாற்றினேன். என்ன மாற்றினேன் என்று கேட்டுவிட்டு ஏசியிருக்கலாம். பழைய புரோகிராம் சுருக்கிய பதிலை மட்டும்தான் ஏற்றுக்கொண்டது. இங்கே என் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது அது எனக்குப் பிடிபட்டது. இரண்டு பின்னங்களையும் குறுக்கே பெருக்கி ஒப்பிடும்படி நான்கு வரிகள் எழுதினேன். என் பிரதியில் 2/8 சரி, 1/4 சரி, 4/16 உம் சரி. ஆகவே புதன்கிழமை உங்கள் மெசினில் ஓடியது என்னுடையது இல்லை.

கடிதம் எழுதவில்லை என்கிறீர்கள். புரோகிராமின் முதல் மூன்று வரிகளில் எழுதியிருந்தேன்: பிரதி எண் 14, திகதி, என் பெயர், என்ன மாற்றம். ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். "மெசின் அந்த வரிகளை வாசிப்பதில்லை, வீணாக இடம் பிடிக்கிறது" என்று ஒவ்வொரு முறையும் நீங்கள் அழிக்கிறீர்கள். அது மெசினுக்கு எழுதியதா? உங்களுக்கு எழுதியது.

பிள்ளைகளின் கொப்பி பற்றி நீங்கள் எனக்கு எத்தனை பிரசங்கம் செய்திருப்பீர்கள்? அழிறப்பரை வீட்டுக்குள் எடுக்கக்கூடாது, பிழையை ஒரே கோட்டால் வெட்டிவிட்டுப் பக்கத்தில் சரியை எழுத வேண்டும், தான் எங்கே பிழைத்தது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அதற்காகவே பிள்ளை அடித்த பிழையான பதிலையெல்லாம் பிளொப்பியில் சேர்த்து வைக்கும் பகுதியை எழுதினீர்கள். நல்ல வேலை, மறுக்கவில்லை. பிள்ளைக்குச் சொன்ன சட்டம் உங்களுக்கு இல்லையா?

இப்போது இரண்டு கேள்விகள். மீராசா காக்காவின் பஸ்ஸில் ஜூன் 20ஆம் திகதி நான் கொடுத்துவிட்ட பிளொப்பி உங்கள் கைக்கு எப்போது வந்தது? புதன்கிழமை மெசினில் போட்டது அதுவா, வேறா?

அந்தப் பிள்ளையின் விபரத்தை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அவளைப் பற்றித்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

தங்கச்சி
பரீனா


சம்மாந்துறை
17.7.1986

பரீனா,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கேள்வி கேட்கிற விதம் பரீட்சை மண்டபத்தில் நிற்கிறவள் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். பதில் சொல்கிறேன்.

பிளொப்பி ஜூன் 29ஆம் திகதி வந்தது. பாதைப் பிரச்சினையில் ஒன்பது நாள் பஸ் ஓடவில்லை. மீராசாவில் குற்றமில்லை.

ஆனால் உன்னுடைய முறை ஜூன் 20ஆம் திகதி வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது. இந்த வேலையைத் தொடங்கும்போதே சொன்னேன்: வாய்க்கால் தண்ணீர் மாதிரி, ஒரு நேரத்தில் ஒருவர் வயலுக்குத்தான். பிளொப்பி உன்னிடம் இருக்கும்போது நான் தொடமாட்டேன், என்னிடம் இருக்கும்போது நீ தொடக்கூடாது. தண்ணீர் முறையில் இன்னொரு விதியும் உண்டு. தன் முறைக்கு வாய்க்கால் கதவடிக்கு வராதவனின் முறை அடுத்தவனுக்குப் போகும். இருபது வருடம் தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானைக்குப் பக்கத்தில் நின்று வயல் செய்த குடும்பத்தில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமையிலிருந்து முறை என்னுடையது. என்னிடம் இருந்த பழைய பிளொப்பியை வைத்து ஐந்து முதல் எட்டு வரை எழுத்துகளைப் பெரிதாக்கினேன். பின்வரிசை வாங்கில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்று அதிபர் சொல்லியிருந்தார்.

29ஆம் திகதி உன்னுடையது வந்ததும் அந்த நான்கு பாடங்களுக்கு மேல் என்னுடையதைப் போட்டேன். முறை என்னுடையது என்பதால் போட்டேன். பிழை வந்ததும், கணக்கு உன் பகுதி என்பதால் நீதான் எதையோ மாற்றினாய் என்று எண்ணிவிட்டேன்.

நேற்று ஏழாம் பாடத்தைத் திறந்து 2/8 அடித்துப் பார்த்தேன். பிழை என்றது.

அதற்காக நீ துள்ளத் தேவையில்லை. யோசித்துப் பார்த்தால் 2/8 என்பது பாதியில் விட்ட வேலை. நெல்லை அடித்துவிட்டுத் தூற்றாமல் மூட்டை கட்டுகிறவனை யாரும் விவசாயி என்று சொல்வதில்லை. சுருக்கத்தான் பிள்ளை பழக வேண்டும்.

றாஹிலாவின் வாப்பா அப்துல் ஹமீட், நம் நெல்லாலைக்குப் பின்னால் குடியிருக்கிறவர். டிரக்டர் ஓட்டுகிறவர். தங்கமான மனிதன், ஆனால் ஒரு சொல் பிடித்தால் விடமாட்டார். பிள்ளையை மருதமுனையில் அவளுடைய மாமியின் வீட்டுக்கு அனுப்பப் போகிறாராம். அங்கே தறி இருக்கிறது, நூல் சுற்றலாம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. பதினொரு வயது.

அபுல் ஹஸன்


கொழும்பு
22.7.1986

காக்கா,

இந்தக் கடிதத்தை மூன்றாம் தரம் எழுதுகிறேன். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன். உங்கள் கொள்கைப்படி அவற்றையும் வைத்திருக்க வேண்டும்தான், ஆனால் அவற்றில் இருந்த சொற்கள் மூத்தவருக்கு எழுதக்கூடியவை அல்ல.

7ஆம் திகதி எழுதிய கடிதத்தில் 2/8 ஐப் பிழை என்றது எவ்வளவு பெரிய அநியாயம்! உங்கள் முகத்தில் வெட்கம், பிள்ளை தலைகுனிந்தாள், தங்கச்சிக்கு ஆறு நாள் படிப்பு. 17ஆம் திகதி, அதைச் செய்தது உங்கள் பிரதி என்று தெரிந்தவுடன், 2/8 ஐப் பிழை என்பது விவசாயமாகிவிட்டதா?

மெசின் "கூட்டு" என்றுதான் கேட்டது. "சுருக்கு" என்று கேட்கவில்லை. கேட்காததைச் செய்யவில்லை என்று ஒரு பிள்ளையைப் பிழை என்பது பாடம் இல்லை. அந்தப் பதினொரு பேரின் பெயரை எடுத்துப் பாருங்கள், காக்கா. அவர்களில் ஒருவராவது கல்முனைக்கு டியூசனுக்குப் போகிறவரா? நான் இங்கேயிருந்தே சொல்கிறேன், போகமாட்டார்கள். டியூசன் பிள்ளை கேட்டாலும் கேட்காவிட்டாலும் சுருக்கும், ஏன் என்று தெரியாமலே சுருக்கும், அப்படி அடித்துப் பழக்கியிருக்கிறார்கள். உங்கள் மெசின் புதன்கிழமை அளந்தது கணக்கை அல்ல. வீட்டில் டியூசனுக்கு வசதி இருக்கிறதா என்பதை அளந்தது.

தண்ணீர் முறை பற்றி. வயலுக்குப் பாய்ந்த தண்ணீரை என் வயலிலும் உங்கள் வயலிலும் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. புரோகிராமை முடியும். நீங்கள் எழுத்தைப் பெரிதாக்குங்கள், நான் கணக்கைத் திருத்துகிறேன், இரண்டையும் காகிதத்தில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய வரிகளை மட்டும் சேர்த்தால் இரண்டு பேருடைய வேலையும் நிலைக்கும். ஒருவருக்கு மேல் ஒருவர் போடுவதால்தான் இந்தக் கேடு. முறை தவறினால் கைமாறும் என்ற விதியை எனக்கு நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. ஒன்பது நாள் பஸ் ஓடாதது என் சோம்பல் என்று நினைத்தீர்களா?

போகட்டும். இதைப் பிறகு சண்டை பிடிப்போம். முதலில் ஹமீட் காக்காவிடம் போய்ப் பிழை யாருடையது என்று சொல்லுங்கள். ஹஜ்ஜுப் பெருநாள் ஆகஸ்ட் நடுவில். நாளை எண்ணிக்கொள்ளுங்கள்.

பரீனா


சம்மாந்துறை
26.7.1986

பரீனா,

பதினொரு பேரில் ஒன்பது பேர் டியூசனுக்குப் போகாதவர்கள். இரண்டு பேர் போகிறார்கள். ஆகவே நீ சொன்னதும் முழுச் சரியில்லை.

நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு ஹமீடின் வீட்டுக்குப் போனேன். டிரக்டருக்குக் கீழே படுத்துக்கொண்டு ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். எழும்பவில்லை. கீழே இருந்தபடியே கதைத்தார்.

"ஹமீட், அந்தப் புள்ளிப் பட்டியல்ல ஒரு கோளாறு இருக்கு."

"என்ன கோளாறு காக்கா? நீங்கதானே செல்லின, மெசின் பிழை விடாதெண்டு? என்ட புள்ள வந்து அப்பிடியே செல்லிச்சு. 'மனிசன்தான் பிழை விடுவான்' எண்டு காக்கா என்னப் பாத்துச் செல்லின வாப்பா எண்டு அழுதிச்சு."

"நான் அவளப் பாத்துச் செல்லல்ல."

"பின்ன யாரப் பாத்தீங்க? அந்த நேரம் மெசினுக்கு முன்னால அவள்தானே பிழ விட்டு நிண்ட."

நான் விளக்கினேன். பழைய பிரதி, புதிய பிரதி, பஸ் ஓடாதது, எழுத்துப் பெரிதாக்கியது. ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் சொன்னார்:

"எனக்கு இதொண்டும் விளங்கல்ல. ஒண்டு விளங்குது. ஏசினது எல்லாருக்கும் முன்னால. ஒட்டினது பலகையில. இப்ப இஞ்ச வந்து டிரக்டருக்குக் கீழ செல்றீங்க. சந்தைக்குப் போனா ஆக்கள் கேக்காங்க, உன்ட மகளுக்குப் பன்னிரண்டுக்கு ரெண்டாமே எண்டு. அவங்களுக்கு நான் எந்தப் பிரதியக் காட்டுற?"

"என்ன செய்யச் செல்ற?"

"ஏசின இடத்தில செல்லுங்க. இல்லாட்டி உடுங்க. நூல் சுத்தினா ஆரும் புள்ளி போட மாட்டாங்க."

நான் எழுந்து வந்துவிட்டேன். வரும்போது பார்த்தேன், அந்தப் பிள்ளை குசினி வாசலில் இருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு வயது அறுபத்திரண்டு. இந்த ஊரில் அந்த மெசினைத் தொடத் தெரிந்தவன் நான் ஒருவன். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று நான்தான் பிழை என்று சொன்னால், அடுத்த நாள் அதிபர் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வார். பிறகு அந்த முப்பத்திரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. இதையும் யோசித்துவிட்டுப் பதில் எழுது. மாஸ்டரைக் கொண்டு சொல்விக்கலாமா என்றும் யோசிக்கிறேன். கணக்கு அவருடைய பாடம்தானே.

அபுல் ஹஸன்


கொழும்பு
31.7.1986

காக்கா,

மாஸ்டர் செய்யாத பிழையை மாஸ்டர் ஏன் சொல்ல வேண்டும்? அவர்தான் முதலில் கண்டுபிடித்தவர். அவரை இழுக்காதீர்கள்.

இத்துடன் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். ஒன்று என்னிடம் இருக்கும் பழைய பிரதியின் ஏழாம் பாடம், மற்றது 14ஆம் பிரதியின் ஏழாம் பாடம். மாறிய நான்கு வரிகளுக்கும் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். உங்கள் பிளொப்பியில் சேர்ந்திருக்கும் பிழைப் பதில்களை இரண்டாவது பிரதியில் போட்டால் எத்தனை சரி என்று மாஸ்டர் பத்து நிமிடத்தில் எண்ணிவிடுவார். அந்தப் பதில்களை நீங்கள் சேர்த்து வைக்காமல் விட்டிருந்தால் இன்று நம்மிடம் ஒன்றும் இருந்திராது. இதை நான் சொல்லாமல் விடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், உச்சி குளிர்ந்து போக வேண்டாம்.

எனக்கும் ஒன்று இருக்கிறது. பஸ் ஓடவில்லை என்று ஜூன் 21ஆம் திகதியே எனக்குத் தெரியும். ஒரு தந்தி அடித்திருக்கலாம். "ஏழு திருத்தியாயிற்று, தொடவேண்டாம்" என்று ஐந்து சொல்லுக்குள் முடிந்திருக்கும். அடிக்கவில்லை. நோன்புப் பெருநாளைக்கு நான் ஊருக்கு வந்தபோது, என் ஐந்தாம் பாடத்தை மைத்துனிமாருக்கு முன்னால் "இது குழந்தைப் பிள்ளையின் வேலை" என்று சொன்னீர்களே, அந்தக் கோபம். பிளொப்பி போய்ச் சேரும்போது பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன். கூட்டத்தில் என் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். என்னுடையதை மறைக்க வேண்டாம்.

மெசினைப் பூட்டிவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். பூட்டட்டும். தன் பிழையைச் சொல்ல ஆளில்லாத மெசின் பூட்டியே இருக்கட்டும். பிள்ளைகள் கரும்பலகையில் படிப்பார்கள், நாமும் அப்படித்தான் படித்தோம்.

பரீனா


சம்மாந்துறை
5.8.1986

பரீனா,

தாள்கள் கிடைத்தன. மாஸ்டர் எண்ணினார். நானும் எண்ணினேன். றாஹிலாவுக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. பதினொரு பேரில் ஏழு பேருக்கு ஒன்பதுக்கு மேல். றாஹிலா ஒரு தாளும் எடுத்துக் கிறுக்காமல் மனதிலேயே கூட்டியிருக்கிறாள் என்று மாஸ்டர் சொன்னார். "நான் கூட நாலாவது கணக்குக்குப் பென்சில் எடுத்தனான் ஐயா" என்றார்.

நீ சொன்னதற்காகச் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எண்ணிப் பார்த்தேன், செய்கிறேன். அதிபரிடம் பேசியாயிற்று. அவர் முதலில், பட்டியலைச் சத்தமில்லாமல் கழற்றிவிடலாம், பெற்றோருக்கு எதற்கு என்றார். பலகையில் ஒட்டும்போது சத்தம் போட்டுத்தானே ஒட்டினீர்கள் என்று கேட்டேன். கூட்டத்துக்குத் திகதி குறித்தார். பெற்றோர் கூட்டம் எட்டாம் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு. ஹமீடுக்கு ஆள் அனுப்பினேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "பாப்பம்" என்றாராம்.

தண்ணீர் முறையை நான் முழுதாக விட்டுவிட்டேன் என்று எண்ணாதே. பிளொப்பிக்கு அது பொருந்தாது என்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஐந்தாம் பாடத்தைப் பற்றி நான் சொன்னது சரிதான், ஆனால் மைத்துனிமாருக்கு முன்னால் சொல்லியிருக்கக்கூடாது.

இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதுகிறேன். இதில் ஒரு பிரதியை நான் வைத்திருக்கிறேன். யாரும் பிறகு மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

பரீனா: 14ஆம் பிரதியில் என் பெரிய எழுத்துகளைச் சேர்த்து 15ஆம் பிரதி என்று எண் போட்டு அனுப்ப வேண்டும். எட்டாம் பாடத்திலும் அதே சுருக்கல் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் பார்த்தேன், இருக்கிறது. பஸ் ஓடாவிட்டால் தந்தி அடிக்க வேண்டும், கோபமாக இருந்தாலும்.

அபுல் ஹஸனும் பரீனாவும்: ஆளுக்கொரு கொப்பி. என்று, எந்தப் பாடம், எந்த வரி, ஏன். மற்றவர் மாற்றிய வரிக்கு மேல் எதையும் போடுவதில்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பது. முதல் மூன்று வரிகளை அபுல் ஹஸன் அழிப்பதில்லை.

புண்ணியமூர்த்தி மாஸ்டர்: எந்தப் பாடமும் பிள்ளைகளுக்கு முன்னால் போடுவதற்கு முதல் அவர் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். சுருக்கிய பதில், சுருக்காத பதில், வேண்டுமென்றே பிழையான பதில், மூன்றும். அவர் கையெழுத்து இல்லாமல் மெசினில் போடுவதில்லை.

அதிபர்: பழைய பட்டியலைக் கழற்றக்கூடாது. புதியதை அதற்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். பழையதில் ஒரே கோடு. இரண்டையும் எல்லாரும் வாசிக்கட்டும்.

அபுல் ஹஸன்: வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று, புதன்கிழமை மெசினில் ஓடியது தன் பிரதி, அது பிழையான பிரதி, தங்கச்சி திருத்தியதற்கு மேல் அதைப் போட்டது தான், மெசின் பிழை விடாது என்று சொன்னதும் தான் என்று சொல்ல வேண்டும். பஸ்ஸைப் பற்றிப் பேசக்கூடாது. தங்கச்சியின் தந்தியைப் பற்றியும் பேசக்கூடாது. பதினொரு பேரின் பெயரையும் அவர்களுடைய சரியான புள்ளியையும் வாசிக்க வேண்டும். றாஹிலாவின் பெயரை முதலில். ஹமீட் வராவிட்டால் சனிக்கிழமை காலை சந்தையில் அவரைப் பார்த்து, ஆட்கள் நிற்கும்போது, அதையே திரும்பச் சொல்ல வேண்டும். குரலைத் தாழ்த்தக்கூடாது.

அப்துல் ஹமீட்: மருதமுனைக்கு ஆளனுப்பிப் பிள்ளை வரவில்லை என்று சொல்ல வேண்டும். இதை நான் கட்டளையிட முடியாது. கேட்க வேண்டும். எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை, ஆனாலும் கேட்பேன்.

றாஹிலா: அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. எல்லாக் கணக்கையும் அவள் ஏற்கெனவே செய்துவிட்டாள்.

அபுல் ஹஸன்